பக்கத்து வீட்டு டிவியை மாற்ற முடியாது

"டிவி ஒரு கண்ணாடி. சமூகத்தில் இருப்பதைத்தான் காட்டுகிறது. அதைப் பார்த்து யாரும் கெட்டுப்போவதில்லை." சிறுபான்மையினரைத் தொலைக்காட்சி காட்டும் விதம் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் இந்தப் பதில் வந்துவிடுகிறது. விவரம் தெரிந்த என் நண்பர்களே சொல்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. காரணத்தை 2020 ஏப்ரலில் எங்கள் தெருவில் கண்டதிலிருந்து சொல்கிறேன்.

டிவிஎஸ் 50 வண்டியில் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பாய் பல வருடங்களாக எங்கள் தெருவுக்கு வருகிறார். கொரோனா ஊரடங்கின் இரண்டாவது வாரம். எதிர்வீட்டு அம்மா கேட்டைத் திறக்கவில்லை. "காச சுவத்து மேல வச்சிருக்கேன், முட்டையையும் அங்கயே வச்சிட்டுப் போங்க பாய்" என்றார். நோய்க்காலம், எச்சரிக்கையாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் பால்காரர் வந்தார். அதே அம்மா கேட்டைத் திறந்து பாத்திரத்தை நீட்டி, காசைக் கையில் கொடுத்தார். மறுநாள் பாய் என்னிடம் சொன்னார்: "நான் விழுப்புரம் தாண்டிப் போனதே இல்ல சார். டெல்லி எங்க, நான் எங்க?"

அந்த அம்மா கெட்டவர் அல்ல. பாயின் மகள் கல்யாணத்துக்குப் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவர். அவர் வீட்டு ஹாலில் காலையிலிருந்து இரவு வரை செய்தி ஓடிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

இனி அந்தக் 'கண்ணாடி'க்கு வருவோம். டெல்லி நிஜாமுத்தீன் மர்க்கஸில் தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் மார்க்கப் பிரச்சார அமைப்பினர் கூடியது 2020 மார்ச் நடுவில். கூட்டத்தை முன்பே கலைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மார்ச் 13 அன்று மத்திய சுகாதார அமைச்சகமே இது சுகாதார அவசரநிலை அல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தது. நாடாளுமன்றம் மார்ச் 23 வரை நடந்தது. ஒரு கூட்டத்தோடு தொடர்புள்ளவர்களைத் தேடித்தேடிப் பரிசோதித்தால் அங்கே நோயாளிகள் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். இது கணக்கு. இந்தக் கணக்கைச் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் இரவும் பகலும் காட்டினார்கள். பல இந்தி, ஆங்கிலச் சானல்களில் நோய்ச் செய்தியோடு 'ஜிகாத்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது. கண்ணாடி எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தேர்ந்தெடுக்காது. இவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அச்சு, மின்னணு ஊடகங்களில் அவர்களுக்கு எதிராகப் பெரும் பிரச்சாரம் நடந்தது என்றும், அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவே தெரிகிறது என்றும் அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டில் சுகாதாரத் துறை ஒரு கட்டத்துக்குப் பிறகு டெல்லிக் கூட்டத்தின் பெயரை விட்டுவிட்டு 'சிங்கிள் சோர்ஸ்' என்று சொல்லத் தொடங்கியது. நோய்க்கு மதச்சாயம் பூசாதீர்கள் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியும் கேட்டுக்கொண்டார். சொல்லுக்கு விளைவு கிடையாது என்றால் ஓர் அரசாங்கம் எதற்காகச் சொல்லை மாற்ற வேண்டும்?

அடுத்தது, "மக்கள் முட்டாள்கள் அல்ல, டிவி பார்த்து மாறமாட்டார்கள்" என்பது. முட்டாள்கள் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் பத்து விநாடிக்கு லட்சக்கணக்கில் கொடுத்து சோப்பு விளம்பரம் போடுகிறவருக்கு டிவியின் வேலை என்னவென்று நன்றாகத் தெரியும். 2020 அக்டோபரில் தனிஷ்க் நகைக்கடை விளம்பரத்துக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு முஸ்லிம் குடும்பம் தங்கள் இந்து மருமகளுக்கு வளைகாப்பு நடத்துகிறது. அவ்வளவுதான் கதை. எழுந்த எதிர்ப்பில் நிறுவனம் விளம்பரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திரையில் வருவது மனசில் தங்காது என்றால், அன்பைக் காட்டிய ஒரு சின்ன விளம்பரத்தைப் பார்த்து அத்தனை பேர் ஏன் பதறினார்கள்?

"நல்ல பாய், நல்ல ஃபாதர் எல்லாம் கதைகளில் வருகிறார்களே" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் வாதம். வருகிறார்கள். தேசப்பற்றை நிரூபிக்க வருகிறார்கள். கதாநாயகனுக்காகக் குண்டடிபட்டுச் சாக வருகிறார்கள். ஆஸ்பத்திரிக் காட்சியில் ஒருவர் தொழுவார், ஒருவர் சிலுவை போட்டுக்கொள்வார், அம்மா உயிர் பிழைப்பாள். கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோன கவலையோடு, மகன் கணக்கில் ஃபெயிலான கோபத்தோடு ஒரு ஜமீலாவை, ஒரு ஞானசெல்வத்தைக் கடைசியாக எந்தத் தொடரில் பார்த்தோம்?

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், முஸ்லிம்கள் 5.86 சதவீதம். நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். இரவு ஏழு மணி முதல் பத்து மணி வரை ஓடும் குடும்பத் தொடர்களில் அவர்கள் குடியிருக்கும் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நோன்பு மாதத்தில் சஹர் நேரத்து மார்க்க உரையும் அதிகாலை ஜெப நிகழ்ச்சியும் உண்டு. ஊர் தூங்கும் நேரம். அவர்களை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

அபூர்வமாக வந்தாலும் மொழி தப்பாகிவிடுகிறது. எந்த ஊர் பாயாக இருந்தாலும் 'நம்பள்கி, நிம்பள்கி' என்று உருதுக்காரர் தமிழைப் பேச வைப்பது நம் திரையில் பழைய பழக்கம். தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி தமிழ். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாப்பா, உம்மா, ராத்தா என்று அழைப்பார்கள். ராவுத்தர் வீடுகளில் அத்தா என்பார்கள். பரம்பரை பரம்பரையாக இங்கே தமிழ் பேசியவர்களை, நேற்று வந்து தமிழ் கற்றவர்களைப்போலக் காட்டுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. சாதாரண நாளில் இல்லாத ஒருவர் செய்தி நேரத்தில் மட்டும் வந்தால், பார்ப்பவருக்கு அவரை அந்தச் செய்தியாகத்தான் தெரியும்.

"பிடிக்கவில்லையா, சானலை மாற்று. தப்பு செய்தால் கேட்கச் சட்டம் இருக்கிறது." என் வீட்டு சானலை மாற்றலாம். எதிர்வீட்டு சானலை முட்டைக்காரர் எப்படி மாற்றுவார்? சட்டமும் இருக்கிறதுதான். மதங்களையும் சமூகங்களையும் தாக்கும் நிகழ்ச்சி கூடாது என்று கேபிள் டிவி விதிகள் 1994 முதல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் 2020இல் சுதர்சன் டிவி, முஸ்லிம்கள் சிவில் சர்வீசுக்குள் சதி செய்து ஊடுருவுகிறார்கள் என்று ஒரு தொடரே போட்டது. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகையில் 14.2 சதவீதம் உள்ள சமூகத்துக்கு, அந்த ஆண்டு வெளியான 829 பேர் சிவில் சர்வீஸ் தேர்ச்சிப் பட்டியலில் கிடைத்தது ஏறத்தாழ 5 சதவீதம்தான். நான்கு பகுதிகள் ஒளிபரப்பான பிறகே, செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் மிச்சத்தை நிறுத்தியது. விதியை மீறியதாகக் கண்ட மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், இனிமேல் கவனமாக இருங்கள் என்று எச்சரித்ததோடு விட்டுவிட்டது. தப்லீக் செய்திகளுக்காகச் செய்திச் சானல்களின் சுயஒழுங்கு அமைப்பு 2021இல் ஒரு கன்னடச் சானலுக்கு 1 லட்சம், இன்னொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம் போட்டது. 1 லட்சம் அபராதம் எந்த மூலைக்கு என்று 2023இல் உச்ச நீதிமன்றமே கவலைப்பட்டது.

"அப்படியானால் எல்லாவற்றையும் தடை செய்யச் சொல்கிறீர்களா?" இல்லை. 2013இல் 'விஸ்வரூபம்' படத்துக்குத் தமிழ்நாட்டில் தடை போட்டது தவறு என்றே இன்றும் சொல்வேன். 1988இல் தூர்தர்ஷன் பிரிவினைக் கலவரத்தை 'தமஸ்' தொடராகக் காட்டியபோது நிறுத்தக் கோரி வழக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. சரியான முடிவு. ரத்தத்தைக் காட்டிய தொடர்தான் அது. ஆனால் கலவரத்தை யார் மூட்டுகிறார்கள், எப்படி மூட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துக் காட்டியது. நான் கேட்பது கத்திரி அல்ல. குற்றம் சாட்டிய அதே நேரத்தில், அதே அளவுக்குத் திருத்தமும் வர வேண்டும். தொடர்களை எழுதும் அறையில் கீழக்கரைப் பெண் ஒருத்தியும் நாகர்கோவில் பையன் ஒருவனும் உட்கார வேண்டும்.

2025 ஜூலை 17 அன்று டெல்லி உயர்நீதிமன்றம், தப்லீக் விவகாரத்தில் 70 இந்தியர்கள் மீதிருந்த 16 வழக்குகளை ரத்து செய்தது. ஐந்து வருடம் கழித்து. அந்த வாரம் முட்டை வாங்கும்போது பாயிடம் சொன்னேன். அட்டையிலிருந்து முட்டைகளை எண்ணி எடுத்து என் கூடையில் வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து எதிர்வீட்டைப் பார்த்தார்.

"டிவில சொன்னாங்களா சார்?" என்று கேட்டார்.