போர்வை போர்த்தினால் புண் ஆறுமா?

மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்துக் கிடந்த காலம், 2014-ஆம் ஆண்டு பாலம் திறக்கப்பட்டதோடு மறைந்தது. ஆயின், படுவான்கரை உழவனின் நெல்மூட்டை பாலத்தை மட்டுமா கடக்கிறது? வெடித்துப்போன கொங்கிறீற்று வீதிகளுக்கு வழி என்ன?

மேலே 'காபெற்' விரித்தால் போதும் என்பர் சிலர். போதாது என்கின்றோம் நாம்!

கொங்கிறீற்றுப் பலகை வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், சக்கரம் ஏறுந்தோறும் மூட்டிலே அசையும். அவ்வசைவைத் தாங்காது, மேலிட்ட தார்ப்படையும் அதே இடத்திற் பிளக்கும். பிளவினூடே மாரிநீர் இறங்கும், அடிமண் கரையும், மக்கள் வரிப்பணமும் உடன் கரையும்!

மருந்து உண்டு. முதலில் வடிகால். அடுத்து, ஆடும் பலகைகளை உடைத்து அமர்த்துதல். அமெரிக்கர் 1980களிலிருந்து பலகையை நொறுக்கி, அதனையே அடித்தளமாக்கி, மேலே தார் இடுகின்றனர். ஆனால் நீர் ஊறிய வாவியோர மண்ணில் நொறுக்குவதும் ஆபத்தே. அங்கே பெயர்த்துப் புதிதாய் இடுவதே முறை. வீதி உயர்ந்தால் அதுவே அணையாகி வயலை மூழ்கடிக்கும்; ஆகவே மதகும் வேண்டும்.

பொறியியலாளரே, அடிமண்ணைச் சோதித்த அறிக்கையைக் காட்டுங்கள்! உழவரே, அதனைக் கேட்டு வாங்குங்கள்! திறப்புவிழாவில் மின்னும் வீதி யாருக்கு வேண்டும்? பத்து மாரி கண்டும் நிற்கும் வீதியே நமது கோரிக்கை.