பரங்கிக்காய்க்கு அந்தப் பெயர் ஏன் வந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே படம் இந்த மாதம் நான்கு வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து எனக்கு வந்துவிட்டது. மக்காச்சோளத் தண்டில் பயறுக்கொடி ஏறுகிறது, அடியில் பரங்கி படர்ந்திருக்கிறது. மேலே கொட்டை எழுத்தில், "பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் கண்ட மூன்று சகோதரிகள் வேளாண்மை!" கீழே, "வீட்டுத் தோட்டத்தில் ஸ்வீட்கார்ன் இப்படிப் போடுங்கள், உரமே வேண்டாம்." அனுப்பியவர்களில் இரண்டு பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். அதில் ஒருவர் இன்று ஆசிரியர். அவருக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன்.

மேலே இருப்பது பொய். கீழே இருப்பது அரைகுறை.

மக்காச்சோளம், மெக்சிகோவில் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் டியோசிண்டே என்ற காட்டுப்புல்லிலிருந்து அந்த மண்ணின் மக்கள் வளர்த்தெடுத்த பயிர். பரங்கியும் பீன்ஸும்கூட அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவைதான். 1492இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கிய பிறகுதான் இவை கடல் கடந்தன. பரங்கியர் வழியாக வந்ததால் பரங்கிக்காய். சாட்சி நம் மொழியிலேயே இருக்கிறது, தினமும் சமையற்கட்டில் சொல்கிறோம், காதில்தான் விழவில்லை.

அந்த "மூன்று சகோதரிகள்" என்ற பெயரோடு முக்கியமாகச் சேர்த்துப் பேசப்படுகிறவர்கள் இன்றைய நியூயார்க் மாநிலப் பகுதியில் வாழ்ந்த, இன்றும் அங்கேயும் கனடாவிலும் வாழ்கிற ஹோடினோஷோனி மக்கள். செனெகா, மோகாக், கயூகா முதலிய ஆறு இனங்களின் கூட்டமைப்பு அது. அங்கே வயல் பெண்களின் பொறுப்பு. மண்ணைக் குவித்து மேடு கட்டி முதலில் சோளம் போடுவார்கள். அது ஒரு சாண் வளர்ந்த பிறகு பயறு, அதற்கப்புறம் பூசணி வகை. கொடி ஏறத் தண்டு, களையை அடக்கவும் ஈரம் காக்கவும் அகன்ற இலை.

1779இல் ஜார்ஜ் வாஷிங்டன் உத்தரவின்படி தளபதி சல்லிவன் படையோடு போய் அவர்களுடைய சுமார் 40 ஊர்களைக் கொளுத்தினார். வீடுகளை மட்டுமல்ல, விளைந்து நின்ற சோளத்தையும் பயறையும் பூசணியையும் வெட்டி எரித்தார்கள், பழமரங்களைச் சாய்த்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் நயாகரா கோட்டையருகே பசியோடு கிடந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் விதையைக் காப்பாற்றி வைத்த மக்கள் அவர்கள். அவர்களிடம் மிச்சமிருக்கும் பெயரையும் எடுத்து "தமிழன் கண்டது" என்று ஒட்டுகிறோமே, நம் ஏடுகளுக்கும் சிலைகளுக்கும் வேறொருவன் இப்படிச் செய்தால் சும்மா இருப்போமா?

பெருமைப்பட நமக்குச் சொந்தமாகவே இருக்கிறது. மானாவாரிச் சோளத்தில் தட்டைப்பயறும் மொச்சையும் துவரையும் கலந்து விதைத்தது நம் பாட்டன் பாட்டி செய்த வேலை. ஒன்று காய்ந்தாலும் ஒன்று வீட்டுக்கு வரும். இன்னொன்று கேளுங்கள். ஹிடாட்சா இனத்து மூதாட்டி ஒருவர் தம் சோளத்தோட்ட வேளாண்மையை விவரித்தது 1917இல் நூலாக வந்தது. அதில் பெண்பிள்ளைகள் வயலில் பரண் மேல் உட்கார்ந்து, பாட்டுப் பாடிக்கொண்டே பறவை விரட்டுவதைச் சொல்கிறார். நம் வள்ளி தினைப்புனம் காத்ததும் பரண் மேல்தானே! இரண்டும் தனித்தனியே முளைத்தவை. படிக்கும்போது மனம் நிறைந்தது. அதற்கு யாருடையதையும் திருட வேண்டியிருக்கவில்லை.

"யார் கண்டுபிடித்தால் என்ன சார், பயன்தானே முக்கியம்?" என்று குழுவில் ஒரு தம்பி கேட்டார். பயனையே பேசுவோம். அந்த மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பிலோ மரச்சாம்பலிலோ வேகவைத்துத்தான் சமைப்பார்கள். அப்படிச் செய்தால்தான் அதிலுள்ள நியாசின் சத்து உடம்பில் சேரும். ஐரோப்பியர் தானியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், பக்குவத்தைக் கேட்கவில்லை. சோளத்தையே முக்கிய உணவாகத் தின்ற வட இத்தாலி ஏழைகளுக்கும், பிறகு அமெரிக்கத் தென்மாநில ஏழைகளுக்கும் பெலாக்ரா நோய் வந்தது. தோல் வெடித்து, புத்தி பேதலித்து, கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள்.

நம் வீட்டுத் தோட்டத்திலும் கதை சின்ன அளவில் அதுதான். அந்தப் பெண்கள் பெரும்பாலும் சோளத்தைச் செடியிலேயே முற்றவிட்டு, கடைசியில் அறுத்தார்கள். அதுவரை கொடி எப்படிப் பின்னிக் கிடந்தாலும் கவலையில்லை. ஸ்வீட்கார்ன் அப்படியல்ல. சுமார் 75 நாளில், மணியைக் கிள்ளினால் பால் வரும் பருவத்தில், சில நாள் கெடுவுக்குள் ஒடிக்க வேண்டும். பரங்கிக்கொடியை மிதிக்காமல் உள்ளே எப்படிப் போவீர்கள்? நடக்க வழி விட்டு, பரங்கியை ஓரத்தில் மட்டும் போடுங்கள். மொச்சையை ஏற்றினால் மெலிந்த தண்டு சாய்ந்துவிடும், தட்டைப்பயறு போதும். அதையும் சோளம் முழங்கால் உயரம் வந்த பிறகே ஊன்றுங்கள். ஒரே வரிசையாக நட்டால் மகரந்தம் காற்றோடு போய்விடும், கதிர் பொக்கையாகும். நான்கு வரிசையாவது சதுரமாக நடுங்கள். ஒவ்வொரு பட்டுநூலும் ஒரு மணி, ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள்.

"உரமே வேண்டாம்" என்பதையும் நம்பாதீர்கள். பயறின் வேர் முடிச்சு பிடிக்கும் தழைச்சத்தைப் பெரும்பாலும் பயறே வைத்துக்கொள்ளும். அது மக்கிய பிறகு அடுத்த பயிருக்குத்தான் நன்றாகக் கிடைக்கும். சோளம் பெருந்தீனிக்காரப் பயிர், தொழுவுரம் போட்டே ஆக வேண்டும்.

படத்தை அனுப்பியவர்கள் அனுப்பிய அதே குழுவில் திருத்தமும் போடுங்கள். "எனக்கு வந்ததைத்தான் அனுப்பினேன் சார்" என்ற பதில் வேண்டாம். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதிவிட்டு இதையேதான் அப்போதும் சொல்வீர்கள், நான் மதிப்பெண் போட்டதில்லை.