வீட்டுப் பிள்ளைக்குச் சோற்றுக் கணக்கா?

ஏழைகளின் உழைப்பைக் கொள்ளை கொள்ளுவதற்குச் சாட்டையும் துப்பாக்கியும் வேண்டும் என்பதில்லை. ஒரு நல்ல பெயர் இருந்தாலே போதும். பெண்ணை ஒரு பொருளைப்போல் எடுத்து ஒருவனுக்குக் கொடுப்பதற்குக் கன்னிகாதானம் என்று பெயர். பொட்டுக்கட்டிப் பெண்ணின் வாழ்வைப் பாழாக்குவதற்குக் கடவுளுக்கு அடியாள் என்று பெயர். அந்தப் பெயரின் மோசம் வெளியாகி, 1947-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் செய்து அதை நிறுத்துவதற்குள் எத்தனை தலைமுறைப் பெண்கள் அழிந்து போனார்கள்! இந்தப் பெயர் வித்தை நம் நாட்டுப் புரோகிதக் கூட்டத்துக்கு மாத்திரம் சொந்தமானதென்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாகரிகத்தில் சிறந்ததென்று பேசப்படும் அமெரிக்காவிலும் அது நடக்கின்றது. அங்கே அதற்கு "ஓ-பேர்" என்று பெயர்.

இது ஒரு பிரெஞ்சு வார்த்தை. "சரி சமானமாய்" என்பது இதன் பொருள். அதாவது, அந்நிய நாட்டுப் பெண் ஒருத்தி ஒரு குடும்பத்தில் வந்து தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, அவ்வீட்டாரோடு சமமாய் உண்டு உறங்கி, அவர்கள் பாஷையும் பழக்கவழக்கமும் கற்றுப் போவாள் என்பது கருத்து. ஐரோப்பிய தேசங்கள் 1969-ல் இது விஷயமாய் ஒரு ஒப்பந்தம் செய்தபோது, இவள் மாணவியும் அல்ல, தொழிலாளியும் அல்ல, தனி ஒரு ரகம் என்று எழுதி வைத்தன. ஆனாலும் நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்றாவது அதில் கண்டிருக்கின்றது.

அமெரிக்கா 1986-ல் இதை ஆரம்பித்தது. அங்கு வரும் பெண்ணுக்குத் தொழிலாளி விசா கொடுப்பதில்லை. 1961-ஆம் வருஷத்துக் கல்வி, கலாசாரப் பரிவர்த்தனைச் சட்டத்தின் கீழ் வரும் ஜே-1 என்னும் விசாவே கொடுக்கப்படுகின்றது. பேராசிரியர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் வருவதும் இந்த விசாவில்தான்.

சரி, இந்தக் கலாசாரத்தின் லக்ஷணத்தைக் கவனிப்போம். வயது 18 முதல் 26 வரை இருக்க வேண்டும். பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும். வாரத்துக்கு 45 மணி வரையிலும், நாளொன்றுக்கு 10 மணி வரையிலும் குழந்தை பார்க்கலாம். வாரத்தில் ஒன்றரை நாளும், மாதத்தில் ஒரு முழு சனி ஞாயிறும், வருஷத்தில் இரண்டு வாரமும் ஓய்வு. தனி அறை கொடுக்க வேண்டும். வருஷத்தில் ஆறு "கிரெடிட்" அளவு ஏதாவது ஒரு கல்லூரியில் படிக்க வேண்டும். அதற்கு வீட்டார் 500 டாலர் வரை கொடுத்தால் போதும். படிக்க வந்தவளின் படிப்பு இவ்வளவு; பார்க்க வந்தவளின் வேலை வாரம் 45 மணி! இதற்குக் கலாசாரம் என்று பெயரிடுவது யோக்கியமா என்று கேட்கின்றோம்.

இனிச் சம்பளக் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்க மத்திய சர்க்காரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட். இது 2009 முதல் ஏறாமல் நிற்கின்றது. 45 மணிக்கு 326 டாலர் 25 சென்ட் ஆகின்றது. அதில் சோற்றுக்கும் அறைக்குமாக நூற்றுக்கு 40 வீதம், அதாவது 130 டாலர் 50 சென்ட், தள்ளிவிடப்படுகின்றது. மீதி 195 டாலர் 75 சென்ட். சர்க்கார் விதித்திருக்கும் குறைந்தபட்ச வாரப்படி இதுதான். மணிக்கு 4 டாலர் 35 சென்ட் வீதமே அவள் கைக்கு வருகின்றது.

தோழர்களே! இங்கேதான் புத்தியை உபயோகிக்க வேண்டும். அவள் வீட்டுப் பிள்ளை என்றால், எந்தத் தாய் தன் மகளுக்குப் போட்ட சோற்றுக்குக் கணக்கெழுதி அதை அவள் பணத்தில் பிடிக்கின்றாள்? அவள் வேலைக்காரி என்றால், அந்த ஊர் வேலைக்காரிக்குள்ள கூலியை ஏன் கொடுப்பதில்லை? சம்பளம் கேட்டால் நீ வீட்டுப் பிள்ளை. சாப்பிட உட்கார்ந்தால் நீ வேலைக்காரி. இது எந்த ஊர் நியாயம்?

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 2020 ஜூனில், கொரோனாவால் வேலையில்லாத் திண்டாட்டம் ஏற்பட்டபோது, அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப், அந்நியர் வந்து அமெரிக்கர்களின் வேலைக்குக் கேடு செய்கின்றார்கள் என்று சொல்லிப் பல விசாக்களை நிறுத்தினார். அந்த ஜாப்தாவில் இந்த ஓ-பேர் பெண்களும் இருந்தார்கள்! ஆகவே கூலி கொடுக்கும்போது அது கலாசாரம். கதவைச் சாத்தும்போது அது வேலை.

இது ஏதோ நாம் வேண்டுமென்று கட்டிச் சொல்லும் குற்றமல்ல. அமெரிக்க அரசாங்கத்தின் தணிக்கை அலுவலகமே 1990-ல், இது அடிப்படையில் குழந்தை பார்க்கும் வேலைதான், பரிவர்த்தனை விசாவுக்குப் பொருந்தாது என்று அறிக்கை கொடுத்துவிட்டது. 2014-ல் இப்பெண்களின் சார்பாகக் கொலராடோ மாகாணத்தில் வழக்குத் தொடரப்பட்டு, 2019-ல் 15 ஏஜென்சிகள் சேர்ந்து 6 கோடியே 55 லக்ஷம் டாலர் கொடுப்பதாக ராஜி செய்துகொண்டன. அதே 2019 டிசம்பரில், மசாசூசெட்ஸ் மாகாணத்தின் வீட்டு வேலைக்காரர் சட்டமும் கூலிச் சட்டமும் இவர்களுக்கும் உண்டு என்று மத்திய அப்பீல் கோர்ட்டார் தீர்ப்புச் சொன்னார்கள். 2023-ல் ராஜாங்க இலாகாவே, அந்தந்த இடத்துக் கூலியையொட்டிப் படியை உயர்த்தலாம் என்று ஒரு திருத்தத்தை முன்வைத்தது.

நிற்க, "எல்லாக் குடும்பமும் கெட்டதா? அன்பாய் நடத்துகின்றவர்கள் இல்லையா? அந்தப் பெண்கள் இஷ்டப்பட்டுத்தானே வருகின்றார்கள்?" என்று சிலர் கேட்கலாம். அன்பாய் நடத்துகின்றவர்கள் அநேகர் உண்டு. உலகத்தைப் பார்த்தோம், பாஷை கற்றோம் என்று சந்தோஷத்தோடு திரும்பிய பெண்களும் அநேகர் உண்டு. ஒரு பெண் தன்னந்தனியாய்க் கடல் கடந்து போய் உலகத்தைத் தெரிந்துகொள்வதைப்போல் நாம் வரவேற்கத்தக்க காரியம் வேறில்லை. ஆனால் ஒருவனுடைய உரிமை மற்றவனுடைய அன்பை நம்பி நிற்குமானால் அது உரிமையாகாது, பிச்சையேயாகும். அவளுடைய விசாவோ ஏஜென்சியின் கையில். வீட்டாரோடு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் சில வாரங்களுக்குள் வேறு குடும்பம் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மாதம் ஒரு முறை அவளை விசாரிக்க வேண்டிய ஆளும் அந்த ஏஜென்சியின் ஆளே. ஏஜென்சிக்குப் பல ஆயிரம் டாலர் கட்டணம் செலுத்துகின்றவர்களோ வீட்டார். இந்த நிலையில் பத்து மணிக்கு மேல் பதினோராவது மணியும் வேலை செய் என்றால், முடியாது என்று சொல்லும் தைரியம் எத்தனை பெண்களுக்கு வரும்?

இதற்கு அடிப்படைக் காரணம் என்ன? அமெரிக்காவில் பிரசவித்த தாய்க்குச் சம்பளத்தோடு ரஜா கொடுக்கத் தேசம் முழுமைக்குமான சட்டம் கிடையாது. 1993-ஆம் வருஷத்துச் சட்டம் கொடுப்பது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், அதுவும் எல்லோருக்குமல்ல. சர்க்கார் பொறுப்பேற்காது, புருஷன் தொட்டிலை ஆட்டமாட்டான். ஆகவே ஒரு பெண் வெளியே போய்ச் சம்பாதிக்க வேண்டுமானால், அவள் சுமையை இன்னொரு பெண்ணின் தலையில், அதுவும் அரைக் கூலிக்கு, ஏற்ற வேண்டியதாகின்றது. இதற்குப் பெண் விடுதலை என்று பெயராகுமா? சுமை கை மாறிற்றே தவிரக் குறையவில்லை. குழந்தை வளர்ப்பது பெண்ணின் இயற்கைத் தர்மம், தர்மத்துக்குக் கூலி எதற்கு என்னும் பழைய பித்தலாட்டமே இவ்வளவுக்கும் வேர். அமெரிக்கக் கூலிச் சட்டம் 1938-ல் ஏற்பட்டும், வீட்டு வேலைக்காரருக்கு அது கிடைக்க 1974 வரை காத்திருக்க வேண்டி வந்ததே!

அமெரிக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டு நாம் படுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டு வேலைக்காரரின் உரிமைக்காக 2011-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தார் செய்த 189-வது உடன்படிக்கையை அமெரிக்காவும் ஏற்கவில்லை, இந்தியாவும் ஏற்கவில்லை. "எங்கள் வீட்டுப் பெண்ணைப்போலத்தான் வைத்திருக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே தனி டம்ளர் வைக்கும் வீடுகள் நம் ஊரிலும் உண்டு.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். வேலையை வேலை என்றே சொல்லுங்கள். அந்தந்த ஊர்க் கூலியைக் கொடுங்கள். வீடு மாறும் உரிமையைப் பெண்ணின் கையில் கொடுங்கள். முறையீட்டைக் கேட்க ஏஜென்சிக்குச் சம்பந்தமில்லாத அதிகாரியை வையுங்கள். குழந்தைகளுக்குப் பொதுச் செலவில் காப்பகங்கள் ஏற்படுத்துங்கள். இவ்வளவும் செய்த பிறகு அவளை வீட்டுப் பிள்ளை என்று அழைக்க ஆசையிருந்தால் தாராளமாய் அழைக்கட்டும். அதுவரையில் அந்தப் பெயர் அவளுக்குச் செய்யும் மரியாதையாகாது, கூலியைக் குறைக்கும் தந்திரமே என்பது நமது அபிப்பிராயம்.