தொடக்கத் தோல்வியும் திறமையும்: ஒரு மறுப்பு

ஒலிம்பிக் பதக்கத்தோடு தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வரும் வீரர் தொடக்கத்திலேயே ஒரு சண்டையில் தோற்றுவிட்டால், அவருடைய திறமை பதக்க மேடையோடு முடிந்துவிட்டது என்ற தீர்ப்பு உடனே வழங்கப்படுகிறது. 2008, 2012 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற உக்ரைனின் வாசில் லோமசென்கோ, 2014 மார்ச் 1 அன்று டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில், தமது இரண்டாவது தொழில்முறைச் சண்டையில் மெக்சிகோவின் ஒர்லாண்டோ சலிடோவிடம் தோற்றது இக்கூற்றுக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அச்சண்டையை நுணுகிப் பார்த்தால், இக்கூற்றின் ஒவ்வொரு படியும் ஆட்டம் காண்கிறது.

அமெச்சூர்க் களமும் தொழில்முறைக் களமும் ஒன்றே என்பது இக்கூற்று சொல்லாமல் வைத்துக்கொள்ளும் முதல் அனுமானம். ஒலிம்பிக்கில் லோமசென்கோ ஆடியவை குறுகிய சண்டைகள். அங்கே, நடுவர்கள் பொத்தானை அழுத்திப் பதிவு செய்த தெளிவான குத்துகளின் எண்ணிக்கையே வெற்றியை நிர்ணயித்தது. நெருங்கி நின்று விலாவில் இறக்கும் குத்துகளுக்கு அம்முறையில் பலன் குறைவு. சலிடோவுடனான சண்டையோ 12 சுற்றுகள் கொண்டது. அதில் ஒவ்வொரு சுற்றும் தனித்தனியே மதிப்பிடப்பட்டு, சுற்றை வென்றவருக்கு 10 புள்ளியும் இழந்தவருக்குப் பெரும்பாலும் 9 புள்ளியும் தரப்படுவதால், ஒரு சுற்றில் எவ்வளவு மேலோங்கினாலும் எதிராளி விழாதவரை அது முன்பு இழந்த பல சுற்றுகளை ஈடுகட்டாது. எதிராளியை அளந்து பார்ப்பதில் தொடக்கச் சுற்றுகளைச் செலவிட்ட லோமசென்கோ, பிற்பகுதியில் மேலோங்கி, 12ஆம் சுற்றில் சலிடோவை நிலைகுலையச் செய்து கட்டிப்பிடித்துத் தப்பிக்கும் நிலைக்குத் தள்ளியும், ஏட்டில் அது ஒரு சுற்றாகவே பதிந்தது. மூன்று நடுவர்களில் ஒருவர் அவருக்கு 115-113 என்றும், மற்ற இருவர் சலிடோவுக்கு 115-113, 116-112 என்றும் எழுதினர். சலிடோவுக்கு 115-113 எழுதியவர் ஒரே ஒரு சுற்றை மாற்றி எழுதியிருந்தால், அவருடைய கணக்கு 114-114 ஆகி, சண்டையே சமனில் முடிந்திருக்கும்.

12 முறை தோற்றிருந்த ஒருவரிடம் தோற்றது இழுக்கு என்பது அடுத்த வாதம். இது எண்ணைப் படித்து ஆளைப் படிக்காத வாதம். 1996 முதல் தொழில்முறையில் இருந்த சலிடோ, அத்தோல்விகளின் ஊடாகத்தான், எதிராளியைக் கயிற்றோரம் ஒடுக்கவும், உடம்பில் குத்தி மூச்சை வாங்கவும், நடுவரின் பொறுமை எதுவரை செல்லும் என்று கணிக்கவும் கற்றவர். எதிரே நின்றவர் அதற்குமுன் ஆடியிருந்த ஒரே தொழில்முறைச் சண்டையோ நான்காம் சுற்றில் முடிந்துவிட்டது.

சலிடோவின் எடையையும் இடுப்புக்குக் கீழே அவர் இறக்கிய குத்துகளையும் சுட்டுவது சாக்குப்போக்கு என்று சிலர் ஒதுக்குகின்றனர். 126 பவுண்டு வரம்பை மீறி 128.25 பவுண்டு காட்டிய சலிடோ, எடைபார்க்கும்போதே தம்மிடமிருந்த உலகப் பட்டத்தை இழந்தார். சண்டையன்று இரவு அவர் 147 பவுண்டும் லோமசென்கோ 136 பவுண்டும் இருந்தனர். கீழே விழுந்த குத்துகளுக்குக் கள நடுவர் புள்ளி எதையும் கழிக்கவில்லை. இவை பதிவான உண்மைகள். இவற்றைக் கணக்கில் எடுப்பது சாக்கு ஆகாது. ஆனால், தோல்வி முழுவதையும் இவற்றின் தலையில் கட்டுவதும் பொருந்தாது; முதற்பாதியை நழுவவிட்டவர் லோமசென்கோவே.

தோல்வியற்ற பதிவே திறமைக்கு அளவுகோல் என்ற நம்பிக்கைதான் இத்தனைக்கும் அடித்தளம். அத்தகைய பதிவு பெரும்பாலும் ஏற்பாட்டாளரின் கைவண்ணம்: புதியவருக்கு முதலில் நான்கு சுற்று, பிறகு ஆறு, எட்டு என்று படிப்படியாக நீட்டி, வெல்லத்தக்க எதிராளிகளையே பொறுக்கித் தருவது இத்தொழிலின் வழக்கம். அந்த வழக்கத்தை மீறினால் என்ன நேரும் என்பதற்கு, 1956 ஒலிம்பிக்கில் ஹெவிவெயிட் தங்கம் வென்று, மறு ஆண்டு முதல் தொழில்முறைச் சண்டையிலேயே உலகச் சாம்பியன் ஃபிளாய்ட் பேட்டர்சனை எதிர்கொண்டு ஆறாம் சுற்றில் வீழ்ந்த பீட் ராட்மாக்கர் சான்று. ஏணியின் அடிப்படியிலேயே சறுக்கியவர்களும் உண்டு. ஹென்றி ஆம்ஸ்ட்ராங், பெர்னார்ட் ஹாப்கின்ஸ், ஹுவான் மானுவல் மார்க்கெஸ் ஆகிய மூவரும் முதல் சண்டையில் தோற்றுப் பின்னர் உலகப் பட்டம் வென்றவர்கள். தொடக்கத்தில் தோற்றுப் பெயரே தெரியாமல் போனவர்கள் இவர்களைவிடப் பன்மடங்கு என்பதால், ஆரம்பத் தோல்வி பெருமைக்கு முன்னறிகுறி என்று தலைகீழாக வாதிடவும் இடமில்லை. அது திறமையின்மைக்கும் சான்றாகாது என்பதே இங்குள்ள வாதம்.

சான் அன்டோனியோவில் கைநழுவிய அதே பட்டத்துக்காக, 2014 ஜூனில் கலிஃபோர்னியாவின் கார்சனில் லோமசென்கோ மீண்டும் களமிறங்கினார். எதிரே நின்ற அமெரிக்கர் கேரி ரசல் ஜூனியர் 24 சண்டைகளிலும் வென்றவர். எளிய எதிராளிகளையே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவர் என்ற விமர்சனத்துக்கும் ஆளானவர். ஒரு வெற்றி, ஒரு தோல்வி என்ற பதிவோடு வந்த லோமசென்கோவுக்கு இரு நடுவர்கள் 116-112 எழுத, மூன்றாமவர் சமன் என்று எழுதினார்.