வில்லங்கம் பார்த்து வாங்குங்கள்!

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மாட்டுக்கு அது சரி. கம்ப்யூட்டர் சமாசாரத்துக்கும் அது சரிதானா? எனக்கு இந்தச் சந்தேகத்தைக் கிளப்பி விட்டவர் ரஞ்சன்குடியில் சந்தித்த ஒரு வாலிபர்.

சென்ற மாதம் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்க்கப் போயிருந்தேன். பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி நிற்கிறதே, அதே கோட்டைதான். 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட இடம். அகழியைத் தாண்டி உள்ளே போனால், மதில் நிழலில் ஒரு வாலிபர் மடியில் லாப்டாப்பை வைத்துக்கொண்டு மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார். மாமாவுக்குச் சின்ன வெங்காய மண்டி இருக்கிறதாம். எடை, கூலி, கமிஷன் எல்லாவற்றையும் கழித்து விவசாயிக்குச் சேரவேண்டிய தொகையைக் கணக்கிடும் புரோகிராம் ஒன்றைத் தாமே எழுதிக்கொண்டிருக்கிறார். எழுதுவதற்கு உபயோகிக்கும் சாதனம், மைக்ரோசாஃப்ட் கம்பெனி இலவசமாகத் தரும் 'விஷுவல் ஸ்டூடியோ கம்யூனிட்டி' பதிப்பு.

"சார், நீங்க பத்திரிகைக்காரர். ஒண்ணு சொல்லுங்க. இவ்வளவு பெரிய சாமானைச் சும்மா குடுக்கிறாங்களே, இதுல ஏதாவது வில்லங்கம் இருக்குமா?" என்று கேட்டார்.

வில்லங்கம்! அரைக் காணி நிலம் வாங்கினாலும் பதிவு ஆபீசுக்குப் போய் வில்லங்கம் பார்க்கிற ஊர் நம் ஊர். இலவசக் கம்ப்யூட்டர் சாதனத்துக்கு மட்டும் ஏன் பார்ப்பதில்லை?

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் பகிரங்கக் கடிதம் ஒன்று எழுதினார். பொழுதுபோக்காகக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அல்டேர் என்ற சிறு கம்ப்யூட்டருக்கு அவரும் நண்பர்களும் தயாரித்த பேசிக் மொழியைப் பலரும் காசு கொடுக்காமல் நகலெடுத்துக் கொண்டார்கள். அல்டேர் வாங்கியவர்களில் பத்தில் ஒருவர்கூட அதற்கு விலை கொடுக்கவில்லை என்றும், உங்களில் பெரும்பாலோர் திருடுகிறீர்கள் என்றும் முகத்துக்கு நேராகவே எழுதிவிட்டார்.

29 வருஷம் கழிந்தது. 2005 நவம்பரில் அதே கம்பெனி அதே பொழுதுபோக்குக்காரர்களையும் மாணவர்களையும் கூப்பிட்டு, 'எக்ஸ்பிரஸ்' என்ற ஆரம்பப் பதிப்பை வைத்துக்கொள்ளச் சொன்னது. விலை 49 டாலர் என்று முதலில் பேச்சு. பிறகு ஒரு வருஷத்துக்கு இலவசம் என்றார்கள். 2006 ஏப்ரலில் எப்போதுமே இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். திட்டியவர் எப்படித் தானம் செய்பவரானார்? மனம் இளகியதால் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. 1987-லேயே ரிச்சர்ட் ஸ்டால்மன் எவரும் எடுத்து ஆளக்கூடிய ஜி.சி.சி. என்ற சாதனத்தை வெளியிட்டிருந்தார். 2001-ல் ஐ.பி.எம். கம்பெனி 'எக்லிப்ஸ்' சாதனத்தை ஊருக்கே திறந்துவிட்டது. பக்கத்துப் பந்தலில் சாப்பாடே போடும்போது, நம் பந்தலில் மோருக்குக் காசு கேட்க முடியுமா? மேலும், படிக்கிற காலத்தில் கை பழகிய சாதனத்தைத்தான் வேலைக்குப் போன இடத்திலும் பையன் கேட்பான். அங்கே முழு விலை வாங்கிக்கொள்ளலாம்.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வியாபாரி வியாபாரம் செய்கிறான். ஆனால் எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஒரு பூட்டு இருந்தது. பிறர் எழுதிய துணைக்கருவிகளை அதில் பூட்ட விடவில்லை. பிரிட்டனைச் சேர்ந்த ஜேமி கான்ஸ்டேல் என்பவர் தம்முடைய சோதனைக் கருவி அதிலும் வேலை செய்யும்படி வழி கண்டுபிடித்தார். 2007-ல் கம்பெனியின் வக்கீல்களிடமிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. போர்லாண்ட் கம்பெனி 2006-ல் இனாமாக வெளியிட்ட 'டர்போ எக்ஸ்ப்ளோரர்' பதிப்பிலும் இதே மாதிரிப் பூட்டு. சில வருஷங்களில் அந்தப் பதிப்பே கடையைக் கட்டிவிட்டது. எக்ஸ்பிரஸ் வரிசையும் 2017-ஆம் வருஷப் பதிப்போடு முடிந்தது. 2014 நவம்பரில் வந்த கம்யூனிட்டி பதிப்பில் அந்தப் பூட்டு இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

நான் கல்லூரியில் படித்தபோது இந்தக் கவலையெல்லாம் கிடையாது. நீலத் திரையோடு வரும் டர்போ சி++, நகல் தகட்டில் கை மாறிக் கை மாறி வரும். 1990-களின் சரக்கு, 2010-ல் நாங்கள் அதில் பயின்றோம். லைசென்ஸ் என்ற வார்த்தையை வாத்தியாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அதற்கு இன்றைய நிலை எவ்வளவோ மேல். ரஞ்சன்குடி வாலிபர் திருட்டு நகல் தேட வேண்டியதில்லை. பெரிய கம்பெனி என்ஜினீயர் தொடுகிற சாதனத்தையே தாமும் தொடுகிறார். ஆகவே, வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே என் அபிப்பிராயம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

நிபந்தனைகளைப் படித்துவிட்டு வாங்குங்கள், அவ்வளவுதான். கம்யூனிட்டி பதிப்பில் தனி மனிதர் எழுதலாம், எழுதியதை விற்கலாம். வகுப்பறையில் கற்பிக்கலாம். கம்பெனியாக ஆரம்பித்தால் 5 பேர் வரை உபயோகிக்கலாம். அந்தக் கம்பெனியில் 250 கம்ப்யூட்டர்களுக்கு மேல் வந்துவிட்டாலோ, வருஷ வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினாலோ சலுகை போய்விடும். 'டெல்ஃபி' என்ற சாதனத்துக்கு 2018-ல் வந்த இலவசப் பதிப்பில் வரம்பு வெறும் 5,000 டாலர்.

இதையெல்லாம் அந்த வாலிபர் எப்படித் தெரிந்துகொள்வார்? விஷுவல் ஸ்டூடியோ 14 மொழிகளில் பேசுகிறது. தமிழ் அதில் இல்லை. பக்கம் பக்கமாக ஓடும் ஆங்கில ஒப்பந்தத்தைப் புரட்டாமலே 'சம்மதம்' என்ற பொத்தானை அமுக்குகிறார்கள் நம் பிள்ளைகள். படிக்காத பத்திரத்தில் கைநாட்டு வைத்த பாட்டனார்களை நாம் பரிகாசம் செய்வது எந்த நியாயம்? ஒரே ஒரு பக்கம் தமிழில் எழுதிப் போடக் கம்பெனிகளுக்கு என்ன கேடு?

பள்ளிக்கூட விஷயம் வேறு. வரிப்பணத்தில் நடக்கும் வகுப்பில், யாரும் திரும்பப் பெற முடியாத சாதனத்தைத்தான் கற்பிக்க வேண்டும். 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் பைதான் மொழியைக் கற்பிப்பது எனக்கு மெத்தத் திருப்தி.

வாலிபரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் கணக்குப் புரோகிராமை மறந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"நாங்க சிநேகிதங்க ஆறு பேர் சேர்ந்து கம்பெனி ஆரம்பிக்கலாம்னு இருக்கோம் சார். அஞ்சு பேருக்குத்தானே அனுமதி? ஆறாவது ஆளை என்ன பண்றது?"

"மண்டியிலே மூட்டை எண்ணச் சொல்லுங்கள், தம்பி" என்றேன்.

"ஐயோ, அந்த ஆறாவது ஆள் எங்க மாமா பையன் சார்!" என்றார் அவர்.