"எனக்குத் தெரியாது" என்ற முதலாளி

லாஸ் வேகாஸ் என்ற ஊரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில், நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே இருக்கிறது. சூதாட்டம் அங்கே 1931-ம் ஆண்டு முதல் சட்டப்படி நடக்கும் தொழில். உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் பணத்தோடு வருகிறார்கள். பலர் பணம் இல்லாமல் திரும்புகிறார்கள்.

சூதாட்ட விடுதிகளுக்கு அடுத்தபடியாக அங்கே பேர் பெற்றவை நடன விடுதிகள். பெண்கள் மேடையில் ஆடைகளைக் களைந்து ஆடும் விடுதிகள். வீட்டில் பேசத் தயங்கும் விஷயம்தான். ஆனால் நாம் இங்கே மேடையைப் பார்க்கப் போவதில்லை. கல்லாப் பெட்டியைத்தான் பார்க்கப் போகிறோம்.

"கிரேசி ஹார்ஸ் டூ" என்பது அப்படி ஒரு விடுதி. அதன் முதலாளி ரிக் ரிசோலோ. ஊரில் செல்வாக்கு உள்ளவர். விடுதியில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

2001-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், கான்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த ஒரு பயணி அந்த விடுதிக்குப் போனார். குடித்ததற்குப் பில் வந்தது. "இவ்வளவு ஆகவில்லையே" என்றார் அவர். தகராறு வந்தது. தகராறுக்குக் காரணமான தொகை நூறு டாலர்கூட இல்லை. விடுதி ஆட்கள் அவரை விடவில்லை. அன்று இரவு அவருடைய கழுத்து முறிந்தது. கைகால்கள் செயல் இழந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வெளியே வந்தது சக்கர நாற்காலியில்.

பில் ஏன் ஏறுகிறது?

வெளியூர்ப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒன்று தெரியும். நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டல் வாசலில் பஸ் நிற்கும். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு இலவசம். நமக்கு மட்டும் இட்லி விலை இரட்டிப்பு. டிரைவர் சாப்பிட்ட சாப்பாட்டுக்கு யார் பணம் கொடுத்தது என்று யோசித்தால் விடை நம் சட்டைப் பையில் இருக்கும்.

லாஸ் வேகாஸ் நடன விடுதிகளிலும் இதே கணக்குத்தான். ஆள் கொண்டுவந்து இறக்கும் டாக்சி டிரைவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று விடுதி கமிஷன் கொடுக்கும். வாசலில் கொடுத்த பணத்தை உள்ளே எடுத்தாக வேண்டும் அல்லவா?

ஆடும் பெண்களின் நிலைமை இன்னும் விநோதம். இப்படிப்பட்ட விடுதிகளில் பெரும்பாலும் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. விடுதியில் ஆடுவதற்கு அவர்கள்தான் விடுதிக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ரசிகர்கள் கொடுக்கும் இனாம்தான் வருமானம். அதிலும் மேற்பார்வையாளருக்கு ஒரு பங்கு, வாசல் காவலாளுக்கு ஒரு பங்கு என்று கழித்துக் கொடுக்க வேண்டும். சண்டை வராமல் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டவன் காவலாள். அவனுக்கு வருமானமோ வாடிக்கையாளரிடம் எவ்வளவு கறக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. பில்லைக் கொடுக்க மறுக்கிறவனிடம் அவன் எப்படி நடந்துகொள்வான்?

இதையெல்லாம் ஏற்பாடு செய்தது யார்? நிர்வாகம். காவலாளிடம் "அடி" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அப்படிச் சொல்லாமலே காரியம் நடக்கும்படி சம்பளத்தை அமைத்துவிட்டால் போதும். அப்புறம் போலீசார் வரும்போது "எனக்குத் தெரியாது" என்று சொல்லலாம்.

மளிகைக் கடையில் சிப்பந்தி ஒரு நாள் எடை குறைத்துப் போட்டால் முதலாளிக்குத் தெரியாமல் இருக்கலாம். நம்புவோம். வருஷக்கணக்கில் போட்டால்? வாங்கியவர்கள் வந்து சத்தம் போட்ட பிறகும் அதே ஆளே தராசைப் பிடித்தால்? கிரேசி ஹார்ஸ் டூ விடுதியில் அடி உதை என்று அதற்கு முன்பும் புகார்கள் வந்திருந்தன.

அட்லாண்டாவில் நடந்தது

அதே 2001-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் இதே மாதிரி ஒரு வழக்கு முடிந்திருந்தது. "கோல்டு கிளப்" என்ற நடன விடுதி. முதலாளி ஸ்டீவ் கேப்லன். விபசாரம், வாடிக்கையாளர்களின் கிரெடிட் கார்டில் மோசடி, நியூயார்க்கின் ரவுடிக் கும்பலோடு தொடர்பு என்று பல குற்றச்சாட்டுகள். பிரபல கூடைப்பந்து வீரர்கள்கூடச் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். பத்திரிகைகளுக்கு நல்ல வேட்டை! வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கேப்லன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 50 லட்சம் டாலர் அபராதம். 16 மாத ஜெயில். விடுதி சர்க்கார் வசமானது.

இதற்கு உதவியது 1970-ம் ஆண்டில் அமெரிக்கா கொண்டுவந்த ஒரு சட்டம். "ரிக்கோ" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கொள்ளைக் கும்பல்களின் தலைவர்களைப் பிடிப்பதற்காக வந்தது. தலைவன் தன் கையால் எதுவும் செய்யமாட்டான், அடியாட்கள் மாட்டுவார்கள், அவன் தப்பிவிடுவான். அதற்கு இந்தச் சட்டம் முடிவு கட்டியது. ஒரு ஸ்தாபனத்தின் மூலம் குற்றங்கள் தொடர்ந்து நடந்தால் அதை நடத்துகிறவரும் பதில் சொல்ல வேண்டும்.

கேப்லன் குற்றத்தை ஒப்புக்கொண்ட அடுத்த மாதமே லாஸ் வேகாசில் அந்தப் பயணியின் கழுத்து முறிந்தது. நாடு முழுவதும் பேசப்பட்ட வழக்கு. அதே தொழிலில் இருந்தவர் காதில் விழாமலா இருந்திருக்கும்?

கம்பெனியை ஜெயிலில் போட முடியுமா?

2003-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய போலீசார் விடுதியில் புகுந்து சோதனை போட்டார்கள். கணக்குப் புத்தகங்கள் போயின. வழக்கு மூன்று வருஷம் இழுத்தது.

2006 ஜூன் மாதம் சமரசம் ஏற்பட்டது. இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். கட்டணம் வசூலிக்க மிரட்டல், அடி உதை என்ற குற்றக் கூட்டுச் சதியை ஒப்புக்கொண்டது விடுதியை நடத்திய கம்பெனி. ரிசோலோ தமக்கென்று ஒப்புக்கொண்டது வரி ஏய்ப்புச் சதியை. பெண்கள் ஊழியர்களுக்குக் கொடுத்த பங்குப் பணம் வரிக் கணக்கில் வரவில்லை என்பதுதான் அது. பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

ஆக, அடித்த பாவம் கம்பெனி தலையில். வரிப் பாவம் முதலாளி தலையில். கம்பெனிக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. அதை எந்த ஜெயிலில் போடுவது?

2007 ஜனவரியில் ரிசோலோவுக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் தண்டனை கிடைத்தது. அந்த ஒரு நாள் எதற்கு என்று கேட்கலாம். தண்டனை ஒரு வருஷத்தைத் தாண்டினால்தான் அங்கே நன்னடத்தைக்காக நாட்களைக் குறைப்பார்கள். ஒரு நாள் கூட்டினால் பல நாள் குறையும்! சட்டத்திலும் இப்படி ஒரு வேடிக்கை.

வராத 90 லட்சம்

கழுத்து முறிந்தவருக்கு நஷ்ட ஈடாக ஒரு கோடி டாலர் என்று பேசி முடித்தார்கள். 10 லட்சம் முதலில். மீதி 90 லட்சம், விடுதியை விற்ற பிறகு.

அங்கேதான் சிக்கல் வந்தது. குற்றம் நடந்த இடம் திறந்திருக்கலாமா? கூடாது என்று நகர மன்றம் லைசென்சைப் பறித்தது. வேறொருவர் பெயரில் தற்காலிகமாகக் கொஞ்ச காலம் நடந்தது. 2007-ல் கதவு சாத்தப்பட்டது. ஆடிய பெண்களுக்கும் பரிமாறிய பெண்களுக்கும் வேலை போயிற்று. கட்டடத்தைச் சர்க்கார் தன் வசம் எடுத்துக்கொண்டது.

நகர மன்றம் செய்ததில் தவறு சொல்ல முடியாது. ஆனால் நடக்கிற கடைக்கு ஒரு விலை, பூட்டிக் கிடக்கிற கடைக்கு ஒரு விலை. லைசென்சு போன விடுதியை யார் வாங்குவார்கள்? போதாக்குறைக்கு 2008-ல் லாஸ் வேகாசில் வீடு மனை விலையெல்லாம் சரிந்தது. விடுதி விற்கவே இல்லை. நகரத்தைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கையே நோயாளியின் பணத்தைக் கரைத்தது.

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். நஷ்ட ஈட்டை விடுதியின் விற்பனையோடு முடிச்சுப் போட்டது முதல் தவறு. முதலாளியின் சொத்து முழுவதும் அதற்கு ஈடாக அன்றைக்கே எழுதி வாங்கியிருக்க வேண்டும். 2008-ல் அந்த நோயாளி மறுபடியும் கோர்ட்டு ஏற வேண்டி வந்தது. சொத்து கைமாற்றி மறைக்கப்பட்டது என்பது அவருடைய புகார்.

அதே 2008-ம் ஆண்டில் அமெரிக்கச் சட்டத்தில் வேறொரு மாறுதல் வந்தது. ஆள் கடத்தலுக்கு எதிரான சட்டத்தில் சில வார்த்தைகளைச் சேர்த்தார்கள். கடத்தப்பட்டு விபசாரத்தில் தள்ளப்பட்ட ஒருவர், அதனால் லாபம் அடைந்தவர் மீதும் நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம். லாபம் அடைந்தவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அல்லது "தெரிந்திருக்க வேண்டியவர்" என்று ஆனாலும் போதும். இப்போது பெரிய பெரிய ஓட்டல் கம்பெனிகள்கூட இந்தச் சட்டத்தின் கீழ் கோர்ட்டில் நிற்கின்றன. அறை எண்ணும் தெரியும், வந்து போன கூட்டமும் தெரியும், மற்றது மட்டும் தெரியாதா என்று வக்கீல்கள் கேட்கிறார்கள். அடிபட்டுக் கிடக்கும் பயணிக்கு இந்தச் சட்டம் உதவாது. அது ஆள் கடத்தலுக்கு மட்டும்தான்.

கிரேசி ஹார்ஸ் டூ கட்டடம் 2011-ல் கடன் பாக்கிக்காக ஏலத்துக்கு வந்தது. ஒரு காலத்தில் மூன்று கோடி டாலர் வரை பேசப்பட்ட இடம், சுமார் 30 லட்சம் டாலருக்குப் போயிற்று. கடன்காரருக்குத்தான் முதல் உரிமை. அதே ஆண்டு, பணத்தை மறைத்து விடுதலை நிபந்தனைகளை மீறினார் என்று ரிசோலோவைக் கோர்ட்டு மறுபடியும் ஜெயிலுக்கு அனுப்பியது. ஒன்பது மாதம். கான்சாஸ்காரர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது.