எல்லை அறியாத எதிரி

நெற்பயிரின் சாற்றை உறிஞ்சி, வயலையே தீய்ந்ததுபோல் கருக்கிவிடும் புகையான் பூச்சிக்கு நாட்டெல்லை உண்டா? இல்லை! ஜப்பானின் குளிர்காலத்தில் அது பிழைப்பதில்லை. ஆயினும், வட வியட்நாமிலிருந்து தென்சீனம் வந்து பெருகிய கூட்டம், ஜூன், ஜூலைக் காற்றில் கடல் கடந்து ஜப்பானிய வயல்களில் ஆண்டுதோறும் இறங்குகிறது.

மருந்தை மேலும் மேலும் தெளித்தால் தீருமா? புகையானைத் தின்னும் சிலந்திகள் மாள்கின்றன; தப்பிய பூச்சி பன்மடங்கு பெருகுகிறது; மருந்துக்கு மசியாத அதன் வழித்தோன்றல்கள் அடுத்த நாட்டுக்குப் பறக்கின்றன. இதை உணர்ந்தன்றோ இந்தோனேசிய அரசு 1986-இல் 57 மருந்துகளை நெல்வயலில் தெளிக்கத் தடைவிதித்தது!

ஒரு நாட்டின் தவறு மறுநாட்டு உழவனின் உலையில் மண் போடுகிறது. தெளிப்பைக் கட்டுப்படுத்தவும், பூச்சி கிளம்பியதும் எச்சரிக்கவும் ஆசிய அரசுகள் கைகோக்க வேண்டும் என்கிறோம் நாம். மருந்து வணிகத்தைவிட உழவன் வாழ்வு பெரிதன்றோ!